அடிமாட்டு விலை

நம் நெய்வேலி பிளாக்கில் வளர்ந்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோமே, அதில் வாராவாரம் ஒருவர் சந்தை நிலவரம் போடுகிறார். வெள்ளாடு உயிர் எடைக்கு இவ்வளவு, செம்மறி இவ்வளவு, கறவை மாடு இவ்வளவு என்று. ஓய்வு பெற்றபின் நாலைந்து ஆடு வாங்கி விட்டிருக்கிறார், அந்த உற்சாகம். நீங்கள் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிப் போடுகிறீர்கள். நான் மட்டும் போடுவதில்லை. ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு போன வாரம் தனியாக அழைத்தே கேட்டுவிட்டார். கோபமெல்லாம் இல்லை. அந்த விலைகளை என்னால் கண்ணால் படிக்க முடிவதில்லை. என் அப்பாவின் குரலில் காதில் விழுகின்றன. அவ்வளவுதான். அவரிடம் அதைச் சொல்லி விளக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சுரங்கத்தில் பெர்மனென்ட். மேற்கத்திக்காரர், கொங்குப் பக்கம். எங்கள் ஊரில் மாடு கன்று என்று பெரிய பண்ணையமாக இருந்து, தாத்தா காலத்தில் எல்லாம் கரைந்துபோய், மிச்சமிருந்தது மாட்டைப் பற்றிய பேச்சு மட்டும்தான். அதை அப்பா சூட்கேஸில் வைத்து எடுத்து வந்தது போல நெய்வேலிக்குக் கொண்டுவந்திருந்தார். சேத்தியாத்தோப்பு போகிற வழியில் வாரம் ஒரு நாள் மாட்டுச் சந்தை கூடும். ஷிப்ட்டை மாற்றிக்கொண்டாவது போய்விடுவார். எதுவும் வாங்குவதில்லை, விற்பதில்லை. சும்மா பார்ப்பார். தரகர்கள் அவரிடம் மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தி வயது கேட்பார்கள். மூக்கைப் பிடித்து உதட்டை விலக்கி ஒரே பார்வை. அவர் சொன்னால் சொன்னதுதான்.

மாலையில் திரும்பியதும் வாசலில் ஈஸி சேரைப் போட்டு உட்காருவார். எதிர் குவார்ட்டர்ஸ் மாமா வருவார், பின் வரிசையிலிருந்து இரண்டு மூன்று பேர் வருவார்கள். அப்பா விலை சொல்ல ஆரம்பிப்பார். ரேடியோவில் செய்தி வாசிப்பது போல ஒரு குரல் அப்போது மட்டும் வரும். ஆட்டில் தொடங்கி, கிடா, செம்மறி, கன்று, உழவு மாடு, கறவை என்று வந்து, கடைசியில் அடிமாடு. அடிமாட்டு விலையைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் இறக்குவார். சட்டையில் சாணி வாசனையும் வேர்வையும் பீடிப் புகையும் கலந்து வரும். அந்தச் சட்டையை அம்மா வீட்டுக்குள் விடமாட்டாள், பின்பக்கத்து முருங்கையில்தான் கிடக்கும்.

அந்த வருடம் மழை தவறியது. டவுன்ஷிப்பில் இருந்த நமக்கு அது தெரியவே இல்லை என்பதை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. நமக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர். பார்க்கில் புல் பச்சையாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வடக்குத்து கிராமத்தில் கிணறுகள் காய்ந்து, முந்திரி மரங்கள்கூட இலை சுருண்டு நின்றன. எங்களுக்கு வறட்சி தெரிந்தது அப்பா சொன்ன விலையில் மட்டும்தான். ஒவ்வொரு வாரமும் முந்தின வாரத்தைவிடக் குறைவு. தீவனம் இல்லாமல் ஜனங்கள் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள், வாங்க ஆளில்லை என்றார். எதிர் மாமாவின் கண் மின்னியது இன்னும் ஞாபகமிருக்கிறது. "அப்ப கெடா சல்லிசா கெடைக்கும்னு சொல்லுங்க" என்றார்.

கிடைத்தது. அந்த ஆடி முழுக்க நம் பிளாக்கில் கறி மணத்தது உங்களுக்கும் நினைவிருக்க வேண்டும். ஆளாளுக்குப் பங்கு போட்டு அப்பாவைக் கூட்டிப்போய் ஆடு வாங்கி வந்தார்கள். எங்கள் பின்பக்கத்தில்தான் கட்டுவார்கள். ஒரு தடவை வந்தது குட்டி போட்டுச் சில நாளே ஆன ஆடு. மடியிலிருந்து பால் சொட்டிக்கொண்டே இருந்தது. குட்டி எங்கே என்று கேட்டேன். "குட்டிய வேற ஒருத்தன் வாங்கிட்டான் அம்மிணி" என்றார் அப்பா. ராத்திரியெல்லாம் கத்தியது. காலையில் எதிர் மாமா கறியைக் கூறு பிரித்தபோது யாரோ ஒருவர் பால் குடித்தது போல இளசாக இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். சாப்பிட்டோம்.

நான் சொல்ல வந்தது பால்காரம்மாவைப் பற்றி.

வடக்குத்திலிருந்து வருவாள். கூலி வேலைக் குடும்பம். அவள் வீட்டுக்காரர் காண்ட்ராக்டில் கூப்பிட்ட நாளைக்கு மண் அள்ளப் போவார், கூப்பிடாத நாளைக்கு வீட்டில் இருப்பார். ஒரே ஒரு மாடு. செவலை, நெற்றியில் வெள்ளை. அது கடன் இல்லாமல் கன்றாக வாங்கி வளர்த்தது என்று அம்மாவிடம் அடிக்கடி சொல்வாள். விடியும் முன்னே பித்தளைத் தூக்குவாளியோடு நம் வரிசையில் வருவாள். அவளிடம் ஓர் ஆழாக்கு உண்டு, விளிம்பு நசுங்கியது. அளந்து ஊற்றியபின் வாளியிலிருந்து இன்னும் ஒரு சொட்டு நிச்சயம் ஊற்றுவாள். "பாப்பாவுக்கு" என்பாள். அந்தப் பாலில் லேசாகப் புல் வாசனை அடிக்கும். இப்போது பாக்கெட் பாலைக் காய்ச்சும்போது எந்த வாசனையும் வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

டவுன்ஷிப்புக்குள் புல் இருந்ததால் வேலி ஓரம் அறுத்துக்கொண்டு போவாள். காவலாளி விரட்டுவார். அம்மா இரக்கப்பட்டு எங்கள் பின்பக்கத்தில் அறுத்துக்கொள்ளச் சொன்னாள். அதற்குப் பதிலாகப் பால் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். இரக்கமும் கணக்கும் நம் வீடுகளில் ஒரே பாத்திரத்தில்தான் இருந்தன.

ஒரு நாள் பால் ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றாள். அப்பா நைட் ஷிப்ட் முடிந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு யோசன சொல்லுங்க. நாங்க இருக்கிற எடத்த நெலத்துக்காரரு பிளாட் போடப் போறாராம். ரிட்டயர் ஆவுற சாருங்க எல்லாம் வந்து கேக்குறாங்களாம். ஆனாலும் அவுரு நல்ல மனுசன். நீ இத்தினி வருசமா இருக்கிற, மூணு சென்ட்ட ஒனக்கே தரேன், ஆயுத பூசைக்குள்ள பணத்தக் குடுன்னு சொல்லிக்கினு இருக்காரு. மாட்ட வித்துடலாம்னு பாக்குறேன்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் அவர் காத்திருந்தது போல இருந்தது.

"இப்ப வித்தீன்னா ஏமாந்துதான் போவே. சந்தை படுத்துக் கெடக்குது. ஆவணி பொறக்கட்டும். ஒரு மழை பேஞ்சா தீவனம் வந்துரும். வெலை தன்னால ஏறும். ஆயுத பூசைக்கு இன்னும் நாள் கெடக்குதில்ல?"

"சார் சொன்னா சரிங்க" என்றாள். முகம் தெளிந்துவிட்டது. அவ்வளவு நாளும் அரித்துக்கொண்டிருந்ததை ஒருவரிடம் இறக்கி வைத்துவிட்ட நிம்மதி. அன்று எனக்கு இரண்டு சொட்டு கூட ஊற்றினாள்.

ஆவணியில் மழை இல்லை. புரட்டாசி பிறந்தும் இல்லை. சந்தை இன்னும் இறங்கியது. அப்பா அவளைப் பார்க்கும்போதெல்லாம் "பொறு பொறு" என்றார். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை, உண்மையாகவே மழை வரும் என்று நம்பினார். அதற்குள் மாடு வற்றத் தொடங்கியது. வாளியில் பால் குறைந்தது. ஓர் ஆழாக்கு ஊற்றும் இடத்தில் அரை ஆழாக்குதான் ஊற்றினாள். அதுவும் நீலம் பாரித்தது போல இருந்தது. அம்மா விரலில் தொட்டுப் பார்த்து, "தண்ணி ஊத்தறா" என்றாள். எதிர் வீட்டு அத்தையிடம் சொன்னாள். அத்தை பின் வரிசையில் சொன்னாள். வாரம் திரும்புவதற்குள் பாதி வீடுகள் அவளை நிறுத்திவிட்டு சொசைட்டிப் பாலுக்குப் போய்விட்டன. அவள் தண்ணீர் ஊற்றினாளா என்று எனக்குத் தெரியாது. மாடு எலும்பும் தோலுமாக நின்றதை மட்டும் பார்த்திருக்கிறேன். அம்மா அதைப் பார்த்ததில்லை.

ஆயுத பூசைக்கு முந்தின சந்தைக்கு அப்பா என்னையும் கூட்டிப்போனார். பள்ளி விடுமுறை. பூஜைக்குப் பொரியும் கடலையும் வாங்க வேண்டும் என்று அம்மா சொன்னதால் பை தூக்க நான். மந்தாரக்குப்பத்தில் பஸ் ஏறினோம். சந்தை என்றால் நான் ஏதோ திருவிழா மாதிரி நினைத்திருந்தேன். அங்கே சத்தமே இல்லை. அத்தனை மாடுகள் நின்றும் ஒன்றும் கத்தவில்லை, கத்துவதற்குத் தெம்பில்லை. புழுதியில் அங்கங்கே படுத்துக் கிடந்தன. எழுப்பிவிட வாலை முறுக்கினார்கள். எழாவிட்டால் வாலைக் கடித்தார்கள். தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசினார்கள். துண்டுக்கு மேலே தெரிந்த முகங்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விற்கிறவன் முகம் ஒவ்வொரு விரலுக்கும் சுருங்கிக்கொண்டே போனது. ஓரத்தில் லாரிகள் நின்றன. மாட்டை நெருக்கி நெருக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவை கறிக்குப் போகிறவை.

பால்காரம்மா அங்கே இருந்தாள். முந்தின சாயங்காலமே மாட்டை ஓட்டிக்கொண்டு நடந்தே வந்திருக்கிறாள். செவலையைக் குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தாள். அவள் முன்னால் ஒரு பெரியவர், வெள்ளை வேட்டி, மடியில் பணம் கட்டியிருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. வீட்டுக்குக் கறவை மாடு தேடி வந்தவர். அந்தச் சந்தையில் அன்றைக்கு மாட்டை வளர்க்க வாங்க வந்த ஆள் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

"மூணாம் ஈத்துன்னு சொல்றே. கொம்பப் பாத்தா அப்படித் தெரியலியே" என்றார் அவர்.

"கொம்பு வளந்து கண்ண குத்துதுன்னு ராவி வுட்டதுங்க. தீனி இல்லாம எளைச்சிருக்குது, அவ்ளோதான். ஒரு மாசம் புல்லு போட்டீங்கன்னா பாருங்க."

"தெரிஞ்சவங்க யாராச்சும் சொன்னா எடுத்துக்கறேன். நீ சொல்ற வெலையே தரேன். எனக்கு மாடு புடிச்சிருக்கு."

அப்போதுதான் அவள் எங்களைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்ல? காணாமல் போன சொந்தக்காரரைக் கண்டது போல மலர்ந்தது. "தோ, எங்க சார் வந்துக்கினு இருக்காரு! எங்கூட்டு பாலத்தான் குடிக்கிறாரு, எத்தினியோ வருசமா. மாட்டப் பத்தி அவுருக்குத் தெரியாதது இல்லீங்க. அவுரையே கேளுங்க."

தரகர்கள் வழி விட்டார்கள். அப்பா வாட்ச்சைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அவள் மாட்டின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தபடி என்னைப் பார்த்து, "பாப்பா, சாப்ட்டியா?" என்றாள். அப்பா மூக்கைப் பிடித்து உதட்டை விலக்கினார். ஒரே பார்வை. கொம்பைத் தடவினார். பிறகு அந்தக் குரல் வந்தது. வாசலில் ஈஸி சேரில் உட்கார்ந்து விலை சொல்லும் குரல்.

"கடை சேர்ந்து வருசமாச்சுங்க. பல்லு தேஞ்சிருக்குது. ஆறு ஈத்துக்குக் கொறையாது. கொம்பு வளையத்தப் பூரா ராவிருக்காங்க. இனி இதுல பால் பாக்கறது செரமம்."

கடை சேர்ந்தது என்றால் எல்லாப் பல்லும் முளைத்து முடிந்துவிட்டது, வயதாகிவிட்டது என்று பொருள். கொம்பில் ஈத்துக்கு ஒரு வளையம் விழும், அதை அரத்தால் ராவித் தேய்த்துவிட்டால் வயது தெரியாது.

அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு முகத்திலிருந்து இறங்க நேரம் பிடித்தது. "சார்" என்றாள்.

"கேட்டாரு, சொன்னேம்மா. நாளைக்கு அவரு என்னைய வந்து கேப்பாரில்ல?" என்றார் அப்பா. பெரியவர் அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

சந்தையில் ஒரு மாட்டின் வயது வெளியே வந்துவிட்டால் அன்றைக்கு அது அவ்வளவுதான். லாரிக்காரனின் ஆள் வந்தான். துண்டை விரித்தான். அவளுக்கு விரல் பேச்சு தெரியாது, வாயாலேயே சொல் என்றாள். அவன் சொன்னான். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவனும் அப்பாவைத்தான் பார்த்தான். "சார், எவ்ளோ எடை நிக்கும்?" என்று கேட்டான். அப்பா மாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சொன்னார். நியாயமாகத்தான் சொன்னார். அவன் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடக் கிடைத்தது. மூன்று சென்ட்டில் ஒரு சென்ட்டுக்குக்கூட அது காணாது.

அவள் தன் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டாள். கயிற்றை விற்பவர்கள் கொடுப்பதில்லை. லாரிக்காரன் தன் கயிற்றைப் போட்டு இழுத்தான். பலகையில் ஏற மாட்டேன் என்று மாடு முன்னங்காலை மடக்கிக்கொண்டது. அவர்கள் அதன் வாலுக்குப் போனபோது, "இருங்க, இருங்க" என்று ஓடிப்போய் அவளே அதன் முன்னால் பலகையில் ஏறி, "வா, வா" என்று கூப்பிட்டாள். அவள் பின்னாலேயே மாடு ஏறிவிட்டது. அவள் மட்டும் இறங்கி வந்தாள்.

திரும்பும்போது அதே பஸ். உட்கார இடமில்லை, பின்பக்கம் தரையில் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். "டிக்கெட் எடுத்துட்டேன்மா" என்று கூட்டத்துக்கு மேலே எட்டிச் சொன்னார். பொரி கடலை வாங்க மறந்துவிட்டோம். அம்மா அதற்கு என்னைத் திட்டினாள்.

அன்று மாலையும் வாசலில் விலை சொன்னார். செவலையின் கதையையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள். உள்ளே வந்தபின் அம்மா மட்டும், "நீங்க சும்மா இருந்திருக்கலாமில்லீங்க?" என்றாள்.

"கேட்டா, பொய் சொல்லச் சொல்றியா?"

அம்மா அடுப்படிக்குத் திரும்பினாள். நானும் பல வருடம் இதற்குப் பதில் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பொய்யே சொல்லாதவர் அல்ல. ஊரில் நோம்பி, திருவிழா என்றால் எனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்தில் வந்து சொல்லிவிட்டு என்னைக் கூட்டிப்போவார். விருந்தாளி வந்தால் இப்போதுதான் சாப்பிட்டோம் என்பார். மேலே இருக்கும் அதிகாரியின் மகன் பாட்டு அருமை என்று முகத்துக்கு நேராகச் சொல்வார், வீட்டுக்கு வந்து காதைக் குடைவார். அந்தப் பெரியவரிடம் "எனக்குச் சரியாத் தெரியலீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தைதான் அவரால் முடியாதது. மாட்டைப் பற்றித் தெரியாது என்று அத்தனை தரகர்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வார்?

ஐப்பசியில் மழை கொட்டியது. பார்க்கில் தண்ணீர் தேங்கித் தவளை கத்தியது. தீவனம் வந்தது, விலை ஏறியது, அப்பா சொன்னது போலவே. பால்காரம்மா இப்போது எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அம்மாதான் கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். பாவம், வேலை போட்டுக் கொடுத்தேன் என்று எதிர் வீட்டு அத்தையிடம் சொல்லிக்கொண்டாள். சந்தை நாள் மாலையில் அவள் பின்பக்கத்தில் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பாள். அப்பா வாசலில் முடித்துக்கொண்டு உள்ளே வந்து, பின்கதவில் சாய்ந்து அவளுக்கும் விலை சொல்வார். அவளுக்கு அது பிடிக்கும் என்று நினைத்தார் என்றே நினைக்கிறேன். மாடு வைத்திருந்தவள் அல்லவா.

"இன்னிக்கு ஒரு செவலை வந்துச்சும்மா. உன்ற மாட்டாட்டவே. எவ்வளவு போச்சு தெரியுமா?"

"எவ்ளோங்க சார்?" என்பாள், தலை நிமிராமல்.

அவர் சொல்வார். அவள் "ம்ம்" என்பாள். தேய்க்கும் சத்தம் கேட்கும். அடுத்த வாரமும் சொல்வார். அதற்கடுத்த வாரமும். ஒரு நாள், "ரெண்டு மடங்குக்கு மேல போயிருச்சு. இன்னும் கொஞ்ச நாளு மட்டும் பொறுத்திருந்தீன்னா..." என்றார். தேய்க்கும் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, பின்கேட்டைத் திறந்து, திரும்பி அதைச் சாத்திக் கொக்கி போட்டுவிட்டுப் போனாள். பாதிப் பாத்திரம் சாம்பலோடு கிடந்தது. மிச்சத்தை நான் தேய்த்தேன். "சொல்லாம கொள்ளாம போறா பாரு, இதுகளுக்கு நல்லது செஞ்சா இப்படித்தான்" என்றாள் அம்மா.

அப்பா ஓய்வு பெற்ற நாளில், மாலை மரியாதை எல்லாம் முடிந்தபின் எதிர் மாமா மைக்கைப் பிடித்தார். செவலையின் கதையைச் சொன்னார். தனக்கு வேண்டப்பட்ட ஏழையின் மாடாக இருந்தாலும் உண்மையை மறைக்காத மனிதர் என்றார். கூட்டம் கைதட்டியது. அப்பா தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், என் கணவரோடு.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அவள் நின்றுபோன சில வாரங்களில், அம்மா ஒரு நாள் அப்பாவை வடக்குத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். வேறு ஆள் கிடைக்கவில்லை. சைக்கிளில் முன்னால் என்னை உட்காரவைத்துக்கொண்டு போனார். பிளாட் கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அவள் வீட்டின் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூங்கிலும் கீற்றும் பானைகளும் ஒரு கட்டை வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. வெள்ளாற்றங்கரையில் அவள் அக்கா இருக்கும் இடத்துக்குப் போகிறார்களாம். அவள் வீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துவிட்டு, "வாங்க சார்" என்று உட்கார எதையோ தேடினார். உட்கார ஒன்றும் மிச்சமில்லை. அவள் வண்டிக்குப் பின்னால் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவரும் சொல்லத்தான் நினைத்தார், தொண்டையைச் செருமினார். கை தானாக வண்டி மாட்டின் முதுகுக்குப் போனது. திமிலைத் தட்டினார். முன்னால் வந்து, ஒரு மாட்டின் மூக்கைப் பிடித்தார்.

"ஜோடி பரவால்ல. இப்ப இருக்கிற வெலைக்கு..."

அவள் கயிற்றை விட்டுவிட்டு நடந்து வந்தாள். அப்பாவின் கையை மாட்டின் மூக்கிலிருந்து எடுத்துவிட்டாள். கோபமாக அல்ல, குழந்தையின் கையிலிருந்து எதையோ வாங்குவது போல.

"இது விக்கிறதுக்கு இல்லீங்க சார். வாடக வண்டி."

வண்டி கிளம்பியது. வெகு தூரம்வரை சக்கரம் கத்தும் சத்தம் கேட்டது. அப்பா சைக்கிளைத் திருப்பினார். மெயின் ரோடு ஏறும் இடத்தில் காலை ஊன்றி நின்றார்.

"எடது பக்கத்து மாடு நொண்டுது, பாத்தியா அம்மிணி?" என்றார் அப்புறம்.

நான் திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். புழுதிக்குள் வண்டி சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது. இடது மாடு காலைத் தாங்கித் தாங்கித்தான் நடந்தது.